லயத்து வாசல் வரை கண்ணாடியிழை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இணையம் உண்டா என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரும். இரண்டும் உண்மையாகவே இருக்கும். மேட்டில், ஆலைக்கு முன்னால் நிற்பவர் லைன் நன்றாக இருக்கிறது என்பார். அதே தோட்டத்தில் சரிவுக்குக் கீழே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருப்பவர், வாசலுக்கு வந்து நின்றால்தான் லைன் வரும் என்பார். அரசாங்கக் கணக்கில் இருவரும் ஒரே இடத்தவர்கள், இருவருக்கும் சேவை உண்டு. இணையத்தை ஒரே பொருளாக நாம் எண்ணிக்கொள்வதால் வரும் குழப்பம் இது. செம்புக் கம்பி, கண்ணாடியிழை, கைப்பேசிக் கோபுரம், செயற்கைக்கோள் என்று அது பல வழிகளில் வருகிறது. வந்து சேர்ந்தபின் வேறுவேறு வலையமைப்புகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு வழிக்கும் தனி வேகம், தனி விலை, தனிப் பலவீனம் உண்டு. தோட்டத்துப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து பாடம் படிக்க முடியுமா முடியாதா என்பது, எந்த வழியை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. தோட்டங்களுக்குக் கண்ணாடியிழை முதலில் வரவேண்டும்; அது வந்து நிற்கும் இடத்திலிருந்து லயங்களுக்குச் சிறிய உள்ளூர் வலையமைப்பு பிரியவேண்டும்; கோபுரமும் செயற்கைக்கோளும் அதற்குத் துணையாக நிற்கவேண்டும். இதுதான் என் வாதம்.

நில அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் குறித்துவைத்த மேட்டுநிலம் இது. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் நிறுவனத்தாரும் தேயிலையில் இறங்கினார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களின் உழைப்பில் வளர்ந்த தோட்டங்கள் இவை. ஹாபு பக்கம் போ தோட்டம், பிரிஞ்சாங்குக்கு மேலே சுங்கை பாலாஸ், வடக்கே கம்போங் ராஜாவைத் தாண்டி புளூ வேலி என்று அவை சிதறிக் கிடக்கின்றன. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா ஆகிய ஊர்கள் எல்லாம் ஒரே பெரிய சாலையில் வரிசையாக அமைந்தவை. தோட்டங்களோ அந்தச் சாலையிலிருந்து பிரியும் ஒடுங்கிய கிளைச்சாலைகளின் உள்ளே இருக்கின்றன. ஆள் குடியிருப்புகள் பெரும்பாலும் ஆலையையும் நீரோடையையும் ஒட்டிப் பள்ளத்தில் கட்டப்பட்டவை. தொலைத்தொடர்பு நிறுவனம் பெரிய சாலையோரமாகக் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விடும். கிளைச்சாலைக்குள் திரும்புவதற்குத்தான் அதற்கு லாபக்கணக்கு ஒத்துவருவதில்லை.

லயத்து வீட்டில் ஒரு மாணவி கைப்பேசியில் பாடக் காணொளி ஒன்றைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். அவள் காதில் மாட்டியிருக்கும் புளூடூத் கருவிக்கும் கைப்பேசிக்கும் நடுவே சில மீட்டருக்குள் முடிந்துவிடும் தொடர்பு இருக்கிறதே, அது ஆளைச் சுற்றிய வலையமைப்பு, பேன் என்பார்கள். வீட்டுக்குள் வைஃபை இருந்தால், அந்த வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் உள்ளூர் வலையமைப்பு அது, லேன். பள்ளிக் கணினிக்கூடத்திலும் தோட்ட அலுவலகத்திலும் இருப்பது இதே வகைதான். இந்த இரண்டையும் அவரவரே அமைத்துக்கொள்ளலாம், யாருக்கும் மாதக் கட்டணம் கட்டவேண்டாம். ஓர் ஊரையோ நகரத்தையோ தழுவி நிற்பது மேன். ஊர்களையும் நாடுகளையும் இணைக்கும் பெரும் பரப்பு வலையமைப்பு வேன்; இணையம் என்பது உலகத்து வலையமைப்புகள் எல்லாம் ஒரே விதிமுறைக்குக் கட்டுப்பட்டு ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் ஏற்பாடு. மலையிறங்கி கோலாலம்பூர் சேர்ந்து, தேவைப்பட்டால் கடலடிக் கேபிளில் வெளிநாட்டுக்கும் போய், மாணவி கேட்ட காணொளி திரும்பிவருகிறது. இந்த நெடும்பயணத்தில் கடலடிப் பகுதியிலோ தலைநகரிலோ பெரிய தடங்கல் இல்லை. பெரிய சாலைக்கும் லயத்துக்கும் இடையே கிடக்கும் சில கிலோமீட்டர்தான் தடங்கல். சங்கிலியின் மற்ற கண்ணிகள் எவ்வளவு வலுவாக இருந்தாலும், வேகத்தைத் தீர்மானிப்பது அந்தக் கண்ணிதான்.

அந்த இடைவெளியைக் கடக்க முதலில் இருந்தது செம்புக் கம்பி. வீட்டுத் தொலைபேசிக் கம்பியிலேயே இணையமும் வரும் ஸ்ட்ரீமிக்ஸ் சேவை 2001இல் மலேசியாவுக்கு வந்தது. செம்பில் மின்துடிப்பு ஓடுகிறது. தூரம் கூடக்கூட அது தேய்கிறது. தொலைபேசி நிலையத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தாண்டினால் அந்த வகை இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். கண்ணாடியிழையில் இந்தக் குறை இல்லை. மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு பருமனே உள்ள இழைக்குள் ஒளி ஓடுகிறது. இரண்டு இழைகளை ஒட்டவைக்கும்போது தொழிலாளி கையடக்கமான ஒரு கருவிக்குள் முனைகளை வைக்கிறார். கருவி அவற்றை நேர்ப்படுத்தி, மின்பொறியால் உருக்கி ஒன்றாக்குகிறது. பிறகு அந்த இணைப்பை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கம்பத்தில் மாட்டிவிடுகிறார். இந்தப் பெட்டியை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீடுகளுக்கு இன்று பரவலாகப் போகும் ஃபைபர் அமைப்பில் நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையின் ஒளியை, இப்படியொரு பெட்டிக்குள் இருக்கும், மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரிப்பான் 32 வீடுகளுக்குப் பகிர்ந்துகொடுக்கும். நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே 20 கிலோமீட்டர் வரை இருக்கலாம், வழியில் மின்சாரம் வேண்டிய கருவி ஒன்றுகூட வேண்டாம். மரம் விழுந்து மின்தடை ஏற்படும் மலையில் இது சின்னச் சலுகை இல்லை. லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டி ஒட்டி இருப்பதும் இந்த அமைப்புக்கு வெகுவாகப் பொருந்துகிறது: ஒரு பிரிப்பானை வைத்தால் ஒரு லயத்தையே முடித்துவிடலாம். தள்ளித்தள்ளி வீடு இருக்கும் கிராமத்தைவிடத் தோட்டத்துக்கு ஃபைபர் கொண்டுபோவது, வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தால், சிக்கனமாகவே முடியும்.

கோபுரம் போதாதா என்பது முதல் எதிர்க்கேள்வி. எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது, டாப்-அப் செய்தால் டேட்டா வருகிறது, கூனோங் பிரிஞ்சாங் உச்சியிலேயே ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறதே என்பார்கள். இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலான உச்சி அது. அங்கிருந்து வெகுதூரம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மலையின் உச்சி, அதன் காலடியில் இருக்கும் பள்ளத்துக்குத் தெரியாது. வானொலி அலைகள் ஒரு முகட்டைத் தாண்டும்போது கொஞ்சம் வளைந்து இறங்கும். எவ்வளவு வளையும் என்பது அலையின் நீளத்தைப் பொறுத்தது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 43 சென்டிமீட்டர். அது ஓரளவு வளைந்து சரிவுக்குள் இறங்கும். ஐந்தாம் தலைமுறைச் சேவைக்கு அதிக வேகம் தரும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டர், முகட்டுக்குப் பின்னால் அது நிழல் விட்டுப் போய்விடும். வேகமான அலை பள்ளத்துக்கு எட்டாது, எட்டுகின்ற அலையில் வேகம் குறைவு. மலைநாட்டில் ‘5ஜி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையின் முன்னால் நிற்கும் தடை இதுதான். கோபுரங்களை நெருக்கமாக நிறுத்தினால் தடையைத் தாண்டலாம். அப்படி நிறுத்தும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் பின்னால் ஒரு கண்ணாடியிழை வந்தாகவேண்டும், இல்லாவிட்டால் நுண்ணலைத் தட்டுகளால் மலைக்கு மலை எறிந்து கொண்டுவரவேண்டும்.

கோபுரத்தின் இன்னொரு குணமும் கேமரன் மலையில் கூடுதலாக உறுத்தும். ஒரு கோபுரம் தரும் கொள்ளளவு அதன் கீழ் இருக்கும் எல்லாருக்கும் பொது. தெருமுனைப் பொதுக் குழாய்போலத்தான்: ஆள் கூடினால் ஒவ்வொருவர் குடத்திலும் விழும் தண்ணீர் குறையும். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் மலைச்சாலையில் கார்கள் நகரமுடியாமல் நிற்பதை நாடே அறியும். அந்தக் காருக்குள் இருப்பவர்கள் கையிலும் கைப்பேசி இருக்கிறது. தேயிலைச் சரிவில் படம் எடுத்து அங்கேயே பதிவேற்றுகிறார்கள். சாலை நெரிசலைப் படம் பிடித்துச் செய்தியாக்குகிறோம். அதே நாளில் காற்றில் நடக்கும் நெரிசல் லயத்துக் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரிகிறது.

புள்ளிவிவரத்தை எடுத்துக்காட்டி மறுப்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். 2020 ஆகஸ்டில் அரசாங்கம் அறிவித்த ஜெண்டெலா திட்டம், 2022 முடிவதற்குள் மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி சேவையையும், 75 லட்சம் கட்டடங்களுக்கு ஃபைபரையும் கொண்டுசேர்ப்பதை இலக்காக வைத்தது, இரண்டையும் எட்டியது. 2021 இறுதியில் 3ஜி சேவையை மூடி, அந்த அலைவரிசைகளை 4ஜிக்குக் கொடுத்தார்கள். இது உண்மையான சாதனை, குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் இந்த எண்கள் எதை அளக்கின்றன? கோபுரக் கணக்கு, அந்தப் பரப்பில் அலை விழுகிறதா என்று பார்க்கிறது. சுவருக்குள், தகரக் கூரைக்குக் கீழே, இரவு எட்டு மணிக்கு, மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதில்லை. ஃபைபர் கணக்கு, கேபிள் எத்தனை கட்டடங்களுக்கு எட்டும் தொலைவில் போயிருக்கிறது என்று பார்க்கிறது. எத்தனை வீட்டுக்குள் நுழைந்தது என்பது வேறு கணக்கு. மேலும், 4ஜி எட்டாத மீதி 3.1 விழுக்காடு என்பது நாட்டளவில் சிறிய எண்ணாகத் தெரியும். அந்த மீதி நாடு முழுவதும் சமமாகத் தூவிக் கிடக்கவில்லை. மலையிலும் ஆற்றோரத்திலும் தோட்டங்களிலும் பூர்வகுடிக் கிராமங்களிலும் அது திரண்டு நிற்கிறது.

இதன் விளைவை 2020இல் நாம் கண்ணால் பார்த்தோம். மார்ச் 18ஆம் தேதி பெருந்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பள்ளிகள் மூடின, பாடம் வீட்டுக்கு வந்தது. அப்போது கல்வி அமைச்சு நடத்திய கருத்தாய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவியுமே இல்லை என்று தெரிந்தது. கருவி இருந்தவர்களிலும் பெரும்பான்மையினரிடம் இருந்தது கைப்பேசிதான். கருவியும் இணைப்பும் தனித்தனிப் பிரச்சினைகள் என்று சிலர் பிரித்துப் பேசுகிறார்கள். நான் அவற்றை ஒன்றாகவே பார்க்கிறேன். டேட்டாவை அளந்து அளந்து செலவழிக்கவேண்டிய வீட்டில் யாரும் கணினி வாங்கமாட்டார்கள். வாங்கினாலும் அதற்குக் கொடுக்க இணைப்பு இல்லை. அளவில்லாத நிலையான இணைப்பு வந்த பிறகுதான் பழைய மடிக்கணினி ஒன்றாவது வீட்டுக்குள் வருகிறது. கைப்பேசித் திரையில் பாடம் கேட்கலாம்; கட்டுரை எழுதமுடியாது, கணக்குத்தாள் தயாரிக்கமுடியாது, பல்கலைக்கழகத்துக்கான யூபியூ விண்ணப்பத்தையோ பி.டி.பி.டி.என். கடன் விண்ணப்பத்தையோ பிழையில்லாமல் நிரப்புவதும் பெரும்பாடு.

பள்ளிகளுக்கு இணையம் கொடுக்க நாடு ஏற்கெனவே ஒரு பெரிய முயற்சி செய்தது. 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் ஏறத்தாழ 10,000 பள்ளிகளை உள்ளடக்கியது. பள்ளி வளாகங்களில் கோபுரங்களை எழுப்பி, பெரும்பாலும் கம்பியில்லாச் சேவையாகவே இணைப்பைக் கொடுத்தார்கள்; அதோடு இணையவழிக் கற்றல் தளம் ஒன்றும் வந்தது. தளத்தைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்று தேசியக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது; 2019 ஜூனில் திட்டம் முடிவுக்கு வந்தது. இதில் ஆசிரியர் பயிற்சி, நிர்வாகம், ஒப்பந்தம் என்று பல கோளாறுகள் பேசப்பட்டன. வலையமைப்பின் கண்ணோடு பார்த்தால் எனக்கு ஒன்று முன்னால் வந்து நிற்கிறது: சமவெளிப் பள்ளிக்கும் மலைப்பள்ளிக்கும் ஏறக்குறைய ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். முப்பது கணினிகள் ஒரே மணி நேரத்தில் இயங்கவேண்டிய இடத்துக்குக் காற்றில் பகிரும் அலை போதவில்லை என்றால் பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. அதன்பின் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் புறநகர்ப் பள்ளிகளை ஒட்டி ஃபைபர் மையங்களை அமைத்து, அங்கிருந்து சுற்றுவட்டார வீடுகளுக்கு இழை பிரிக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தது. தோட்டங்களுக்கு மிகவும் பொருத்தமான திசை இது; தோட்டத் தமிழ்ப்பள்ளியும் லயமும் பெரும்பாலும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பவை.

செயற்கைக்கோளைச் சொல்பவர்கள் இரண்டாவது எதிர்க்கேள்வியைக் கேட்கிறார்கள்: வானத்திலிருந்து வருவதை விட்டுவிட்டு மண்ணில் எதற்குத் தோண்டவேண்டும்? பழைய வகைச் செயற்கைக்கோள் பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றுவது. நம் கேள்வி அதற்கு ஏறி, இறங்கி, பதில் மறுபடி ஏறி, இறங்கவேண்டும்; ஒளி வேகத்திலேயே போனாலும் அரை விநாடி கரைந்துவிடும். படம் பார்க்கத் தடையில்லை. ஆசிரியரோடு கேள்வி பதிலாக நடக்கும் வகுப்பில் அந்த அரை விநாடி ஒவ்வொரு வாக்கியத்திலும் குறுக்கே வரும். 2023 ஜூலையில் மலேசியாவுக்கு வந்த ஸ்டார்லிங்க், சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஆயிரக்கணக்கான சிறு செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துவதால் இந்தத் தாமதம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. தொழில்நுட்பமாக அது அருமையான வழி, கம்பியே போகமுடியாத பூர்வகுடிக் கிராமத்துக்கு அதைவிட விரைவான வழி கிடையாது. விலையைப் பாருங்கள். தொடங்கியபோது மாதம் 220 வெள்ளி, கருவிக்கு 2,300 வெள்ளி. அப்போது குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 வெள்ளி. சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு இணையத்துக்கே போகும். கருவிக்கு ஒன்றரை மாதச் சம்பளத்தை முன்கூட்டியே எடுத்துவைக்கவேண்டும்.

அதே 2023இல் வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக யூனிஃபை நிறுவனத்தின் மூலம் பெர்பாடுவான் என்ற சலுகைத் திட்டம் வந்தது: நொடிக்கு 30 மெகாபிட் வேகம், மாதம் 69 வெள்ளி. தோட்டத் தொழிலாளிக்காகவே செய்ததுபோன்ற திட்டம். ஆனால் அது கம்பி வழிச் சேவை. கம்பி வராத தெருவுக்கு அந்தச் சலுகையும் வராது. ஆகவே எவருக்குச் சலுகை மிகவும் தேவையோ அவரே அப்போது மூன்று மடங்கு விலையுள்ள வழியை வாங்கவேண்டியிருந்தது, அல்லது டாப்-அப் செய்து செய்து தீரும் டேட்டாவில் காலம் தள்ளவேண்டியிருந்தது. இணைப்பின் வகை என்பது பொறியாளர்களின் கவலை மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஏழை அதிக விலை கொடுக்கிறான் என்றால், அவன் வீட்டுக்கு எந்தக் கம்பி வரவில்லை என்பதில்தான் காரணம் இருக்கிறது. எனக்கு இதைவிட மனத்தை அறுக்கும் அநியாயம் இந்த விவகாரத்தில் வேறொன்றும் தெரியவில்லை.

ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் நாளைக்கே இழை வந்துவிடாது என்பது நியாயமான கவலை. அதற்கு இடைவழி உண்டு, உலகம் அதை முயன்று பார்த்துவிட்டது. நேப்பாளத்தில் மகாபீர் புன் என்ற ஆசிரியர், சாலையே இல்லாத நாங்கி என்ற தன் மலைக்கிராமத்துக்குச் சாதாரண வைஃபை கருவிகளைக் கொண்டே மலைக்கு மலை எறிந்து இணைப்பைக் கொண்டுவந்தார்; சுற்றியிருந்த பல கிராமங்களும் சேர்ந்தன; 2007இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஒன்றையொன்று பார்க்கக்கூடிய இரண்டு இடங்களில் திசை குவிக்கும் அலைவாங்கிகளை எதிரெதிரே வைத்தால், வீட்டுக்குள் சில மீட்டரில் முடிந்துவிடும் அதே வைஃபை பல கிலோமீட்டர் தாண்டும். நம் நாட்டிலேயே சரவாக் மலைநாட்டு பாரியோவில், மலேசிய சரவாக் பல்கலைக்கழகம் கெலாபிட் மக்களோடு சேர்ந்து 1990களின் இறுதியில் தொடங்கிய இ-பாரியோ திட்டம், சூரியமின்சாரத்தையும் செயற்கைக்கோளையும் கொண்டு நடந்தது. ஊர் மக்களே பொறுப்பெடுத்து நடத்தியதுதான் அது நீடித்ததற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். கேமரன் மலைத் தோட்டம் அந்த இரண்டு இடங்களைவிட எவ்வளவோ வசதியானது: சாலை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, சில கிலோமீட்டருக்குள் ஊர் இருக்கிறது. பள்ளியிலோ ஆலையிலோ ஃபைபர் வந்து நின்றால், அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் லயங்களுக்கு இந்த வழியில் பிரிக்கலாம். பிறகு வசதி வரும்போது இழையாலேயே மாற்றிக்கொள்ளலாம். மூடுபனியைக் கண்டு பயப்படவேண்டாம்: வைஃபை ஓடும் அலைவரிசைகளைப் பனிமூட்டம் பொருட்படுத்தத்தக்க அளவுக்குப் பாதிக்காது, அடைமழையும் அதிகம் தடுக்காது. மழைக்கு அஞ்சவேண்டியவை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நுண்ணலைத் தட்டுகள்தான்.

இனிப் பணம். சில நூறு வீடுகளுக்காக ஒரு நிறுவனம் ஏன் மலைக்குள் கேபிள் இழுக்கவேண்டும்? தனியாக அந்த நிறுவனத்திடம் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்லும். வியாபாரமாக அது தப்பும் இல்லை. அதனால்தான் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் ஒரு பொதுநிதியை உண்டாக்கியது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் நிகர வருமானத்தின் கணக்கிட்ட தொகையில் 6 விழுக்காட்டை அதில் செலுத்துகின்றன. லாபம் வராத பகுதிகளுக்குச் சேவை கொண்டுபோக அந்தப் பணம். கோலாலம்பூரில் கைப்பேசிக் கட்டணம் கட்டும் ஒவ்வொருவரும் மறைமுகமாக இதில் பங்கு கொடுக்கிறார்கள், தோட்டத்தில் டாப்-அப் செய்பவரும்தான். தனியார் தோட்டத்துக்குள் பொதுப்பணத்தைப் போடலாமா என்று அடுத்த கேள்வி எழும். தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்து வரும் வீடு. குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை, அவர் நினைத்தாலும் கம்பம் நடமுடியாது, நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இந்த நிலைமையை நம் சட்டம் ஏற்கெனவே புரிந்துவைத்திருக்கிறது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் தோட்ட முதலாளிக்குக் குழாய்த் தண்ணீரையும் மின்சாரத்தையும் கடமையாக்கியது. ஒருகாலத்தில் பல தோட்டங்களில் சொந்த ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடி நின்றுவிடும். விளக்கு எரிகிறதே, அது போதும் என்று அன்றைக்கும் சொன்னவர்கள் இருந்தார்கள். இன்று கோபுரம் இருக்கிறதே என்பதும் அதே வகைப் பேச்சுதான். அந்தச் சட்டத்தின் வசதிப் பட்டியலில் நிலையான இணைப்பும் சேரவேண்டும்: கேபிளைப் பொதுநிதி கொண்டுவரட்டும், உள்ளே கம்பத்துக்கும் அனுமதிக்கும் நிர்வாகம் பொறுப்பேற்கட்டும், மாதக் கட்டணத்தைக் குடும்பம் கட்டட்டும்.

தோட்டத்தில் இப்போது தமிழர்கள் எத்தனை பேர், பாதிக்கு மேல் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும்தானே என்று சிலர் கேட்கக்கூடும். கொழுந்து எடுக்கும் கைகள் மாறியிருப்பது உண்மை. அதனால் தேவை குறையவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் குடும்பத்தை விட்டுவந்தவருக்கு இரவில் வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசுவது ஆடம்பரம் இல்லை. பணம் அனுப்புவதும் இப்போது கைப்பேசிச் செயலி வழியாகத்தான். நம்மவர்களில் பலர் கீழே பட்டணத்துக்கு இறங்கிப் போனதற்குப் பிள்ளைகளின் படிப்பு ஒரு முக்கியக் காரணம் என்பதையும் மறக்கவேண்டாம். இருக்கின்ற தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவதைப் பற்றிக் கவலைப்படும் நாம், அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு எந்த வகை இணைப்பு வருகிறது என்று இதுவரை அதிகம் கேட்டதில்லை.

கண்ணாடியிழைக்கும் ஒரு பகை உண்டு, அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மலை இது. 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பக்கம் வெள்ளமும் சேறும் வீடுகளை அடித்துப்போனதை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மண் சரிந்தால் சாலையோரம் போகும் கேபிளும் சாலையோடு போகும். தாப்பா வழி, சிம்பாங் பூலாய் வழி, சுங்கை கோயான் வழி என மலைக்கு ஏறும் சாலைகள் ஒன்றுக்கு மேல் இருப்பதால், கேபிளும் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் ஏறி வளையமாகச் சேரவேண்டும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் ஓடும். செயற்கைக்கோள் தட்டு ஒன்றைப் பள்ளியிலோ தோட்ட மருந்தகத்திலோ மாட்டிவைத்தால், இரண்டு பக்கமும் அறுந்த நாளிலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட வழி இருக்கும். அதன் கட்டணம் நூறு வீடுகளுக்குப் பகிரும்போது சுமையாகத் தெரியாது. சரிவுகளைச் சீர்செய்யவும் சாலையை அகலப்படுத்தவும் பொதுப்பணித்துறை மண்ணைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெறும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டால் போதும், பின்னால் இழையை அதற்குள் ஊதிச் செலுத்திவிடலாம். செலவில் பெரும்பகுதி தோண்டுவதற்குத்தான் போகிறது. இழைக்கு ஆகும் செலவு அதற்குப் பக்கத்தில் வராது.

இவை நடக்கும்வரை தோட்டத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு தாளில் லயம் லயமாக வீடுகளை எண்ணி, எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், வீட்டுக்குள் லைன் கிடைக்கிறதா வாசலில்தான் கிடைக்கிறதா, பக்கத்து மின்கம்பம் எத்தனை அடியில் என்று குறித்து, ஆணையத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரே நாளில் அனுப்பலாம். ஆணையத்தின் ஜெண்டெலா வரைபடம் தோட்டத்தை ஒரே நிறத்தில் காட்டும். இந்தத் தாள் அதற்குள் இருக்கும் பள்ளங்களைக் காட்டும். அதோடு ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் எழுதி, தனி முகவரியாகப் பதிவுசெய்யச் சொல்லவேண்டும். தோட்டத்தின் பெயர் மட்டுமே முகவரியாக இருந்தால், கேபிள் வாசலுக்கே வந்தாலும் எந்த வீட்டுக்கு இணைப்பு என்று பதிவுசெய்ய முடியாமல் விண்ணப்பம் திரும்பிவந்துவிடும்.